பூட்டின டிஸ்க்

ஜவாஹிர் நானாவின் கடையில் ஒரு சட்டம் உண்டு. வாடிக்கையாளர் முன்னால் இங்கிலீசில் பேசக் கூடாது. கட்டுகஸ்தோட்டை வீதியில் பேக்கரிக்கு மேல்மாடியில் இருக்கும் அந்தக் கணினி திருத்தும் கடைக்கு இந்தச் சட்டம் வந்ததே ஒரு வேடிக்கை. கலகெதரயிலிருந்து வந்த ஒரு பெரியவரிடம் நானா ஒருநாள், "உங்கட லெப்டொப்புல டிரைவர் பழுது" என்று சொல்லிவிட்டார். பெரியவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. தன் வான் வண்டியைத் தானே ஓட்டுவதாகவும், எந்த டிரைவரையும் தான் வைத்துக்கொள்வதில்லை என்றும், லெப்டொப்பைப் பார்க்கச் சொன்னால் வானைப் பற்றி என்ன பேச்சு என்றும் சண்டைக்கு நின்றார்.

அன்றிலிருந்து கடையில் டிரைவர் என்பது 'படம் காட்டுற புரோகிராம்' ஆயிற்று. டிஸ்க்கில் உள்ளதை வேறு யாரும் படிக்க முடியாமல் மறைத்து வைப்பதற்குப் பெயர் 'பூட்டுவது'. அதைத் திறக்கும் நீண்ட இரகசிய இலக்கம் 'சாவி'. பாமர சனத்துக்கும் விளங்குகிற நல்ல சட்டம்தான். யார் குறை சொல்ல முடியும்? ஆனால் அந்த வெள்ளிக்கிழமை, அதே சட்டம் டிலானியின் அக்கா தலையில் மலையையே இறக்கப் பார்த்தது.

டிலானி அந்தக் கடையில் திருத்துகிறவள். ஹந்தானைக்கு அப்பால் ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளான மேல் லயத்தில் பிறந்து வளர்ந்தவள். இப்போது டவுனில் அறை எடுத்துத் தங்கியிருக்கிறாள். அக்கா தர்ஷிகா கல்யாணமாகியும் அதே லயத்தில்தான் இருந்தாள். போன மாத மழையில் லயத்துக்கு மேலே மலையில் நீளமாக ஒரு வெடிப்பு விட்டது. சனத்தையெல்லாம் இறக்கித் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் தங்க வைத்தார்கள். வகுப்பறைத் தரையில் படுத்துப் படுத்து எல்லோருக்கும் அலுத்துவிட்டது. வெடிப்பு பழையது, பயப்பட ஒன்றுமில்லை, திங்கட்கிழமை எல்லோரும் மேலே போகலாம் என்று தோட்டத்தை நடத்தும் துரை சொல்லிவிட்டார். மாவட்டச் செயலகமான கச்சேரியில் அன்று மூன்று மணிக்கு நடக்கும் கூட்டத்தில் யாரும் மறுத்துப் பேசாவிட்டால் அதுவே முடிவு.

மறுத்துப் பேச ஒரே ஒரு ஆள்தான் இருந்தாள். அவள்தான் காலையில் கடை திறந்ததும் திறக்காததுமாக ஒரு கனத்த லெப்டொப்பைத் துவாயில் சுற்றிக்கொண்டு படியேறி வந்து நின்றாள். பெயர் துஷாந்தி. யாழ்ப்பாணத்துக்காரி, மண்சரிவு ஆய்வு செய்கிற எஞ்சினியர். பள்ளிக்கூடத்தில் தர்ஷிகாவிடம் விசாரித்தபோது, தன் தங்கை டவுனில் கம்பியூட்டர் திருத்துகிறாள் என்று அவள் பெருமையடித்திருந்தாள். அந்தப் பெருமைதான் துஷாந்தியை இங்கே கொண்டுவந்து சேர்த்தது.

விஷயத்தை அவள் மூச்சுவிடாமல் சொன்னாள். மழைக்கு முன்பு வேறொரு பாதை வேலைக்காக அந்த மலையை அவள் ட்ரோன் விட்டுப் படம் பிடித்திருந்தாள். மழைக்குப் பிறகு மறுபடியும் பிடித்தாள். இரண்டையும் கணினியில் மலை உருவமாக்கி ஒன்றன்மேல் ஒன்று வைத்தால், மலை நகர்ந்திருக்கிறதா இல்லையா என்பது பச்சைப் பிள்ளைக்கும் விளங்கும். ஆனால் நேற்று இரவிலிருந்து அந்த உருவத்தைத் திறந்த உடனேயே திரை உறைகிறது, நீலமாகிறது, லெப்டொப் தானாக மறுபடி தொடங்குகிறது. மழைக்குப் பிந்திய படங்கள் இன்னும் கமராவின் கார்டில் இருக்கின்றன. முந்திய படங்கள் இந்த லெப்டொப்பைத் தவிர உலகத்தில் வேறெங்கும் இல்லை. மழைக்கு முந்திய மலையை இனிப் போய்ப் பிடிக்கவும் முடியாது.

"மூண்டு மணிக்கு முதல் ஏலுமோ தங்கச்சி?" என்றாள் துஷாந்தி.

முடியும் என்று டிலானி வாய் சொன்னது.

நேற்று மாலைதான் படம் காட்டுகிற புரோகிராம் தன்பாட்டில் புதியதாக மாறியிருந்தது. திருட்டு நடந்த வீட்டில் புதிதாக வந்த வேலைக்காரனைப் பிடிப்பது மாதிரி, டிலானி முதலில் அதைத்தான் பிடித்தாள். புதியதை அடியோடு கழற்றி எறிந்துவிட்டு, லெப்டொப் செய்த கொம்பனி சோதித்து வெளியிட்ட பழையதைப் போட்டாள். உருவத்தைத் திறந்தாள். திரை உறைந்தது. நீலமானது.

சரி, படம் காட்டுகிற கார்டே பழுதோ என்று அதை மட்டும் தனியாக முழு வேகத்தில் ஓடவிட்டாள். மின்விசிறி விமானம் கிளம்புகிற சத்தத்தில் கத்தியதே தவிர, கார்டு தடுமாறாமல் நின்றது. நினைவகத்தைச் சோதித்தாள். அதிலும் குறையில்லை. எல்லாப் பரீட்சையிலும் பாஸாகிவிட்டு வேலைக்கு வா என்றால் மட்டும் மயக்கம் போட்டு விழுகிற லெப்டொப்பை என்ன செய்வது? அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

அப்போதுதான் அக்காவின் போன் வந்தது. குரலில் ஒரே மூச்சிரைப்பு.

"நாங்க மேல ஏறிக்கிட்டு இருக்கோம்டி. திங்கக்கெழம எல்லாரும் வந்தா பைப்புல தண்ணி புடிக்க ஏலாது. இன்னைக்கே வீட்டக் கழுவிப்போட்டுட்டா நிம்மதி."

போகாதே என்றாள் டிலானி. துரையே சொல்லிவிட்டாரே, நீ என்ன துரைக்கு மேலா என்று அக்கா கேட்டாள். பிள்ளை எங்கே என்றதற்கு, இடுப்பில்தான், பள்ளிக்கூடத்தில் எல்லாப் பிள்ளைகளுக்கும் இருமல், அங்கே எப்படி விட்டுவிட்டு வருவது என்றாள். அவள் பக்கத்திலும் நியாயம் இருந்தது. டிலானியின் கையில் மறுபேச்சுக்கு ஆதாரம் எதுவும் இல்லை. அந்த ஆதாரம் இருந்த பெட்டிதான் அவள் எதிரே நீலமாக முழித்துக்கொண்டிருந்தது.

போனை வைத்துவிட்டுத் திரும்பியபோது திரையில் ஒரு சின்னப் பெட்டி வந்து நின்றது. இந்த லெப்டொப்பில் இரண்டு டிஸ்க்குகள். முதலாவதில் சின்னப் பூட்டுப் படம் போட்டிருந்தது. கந்தோர், அதாவது அலுவலகம், கொடுத்த லெப்டொப் என்றால் அது வழக்கம்தான். இரண்டாவது, மலை முழுவதும் இருக்கிற பெரிய டிஸ்க், உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியவில்லை, ஃபோர்மட் செய்யவா என்று கேட்டது. ஃபோர்மட் என்றால் துடைத்து வெறுமையாக்குவது. டிலானிக்கு மூளையில் பொறி தட்டியது. முதலாவதைப் போலவே இதையும் பூட்டியிருக்கிறார்கள், பூட்டு எங்கேயோ குழம்பிவிட்டது, அதனால்தான் இதைத் தொடும்போதெல்லாம் லெப்டொப் விழுகிறது.

லெப்டொப்பின் அடியில் ஒட்டியிருந்த முத்திரை ஸ்டிக்கர் கிழியாமல் இருந்தது. யாரும் இதைத் திறந்து கை வைக்கவில்லை என்று அதுவும் சாட்சி சொன்னது. அவள் கடைச் சட்டப்படி, சுத்தத் தமிழில் விசாரித்தாள்.

"மிஸ், இந்த ரெண்டாவது டிஸ்க்க பூட்டியிருக்கீங்களா?"

"ஓம், போன கிழமைதான் பூட்டினது."

"யாரு பூட்டுனா?"

"எங்கட கந்தோரில பிரணவன் எண்டு ஒராள். அவர்தான் பூட்டித் தந்தவர்."

"அப்ப சாவி அவருகிட்டதான் இருக்குமா?"

துஷாந்தி சற்று வியப்போடு பார்த்தாள். "ஓம், சாவியள் எல்லாம் அவரிட்டத்தான்."

அவ்வளவுதான். கேட்டவளுக்குக் கேட்ட பதில் கிடைத்துவிட்டது. சொன்னவளும் உண்மையைத்தான் சொன்னாள். இருவர் பேச்சுக்கும் நடுவே ஒரு மலையே நின்றது இருவருக்குமே தெரியவில்லை.

பிரணவனுக்குப் போன் போட்டார்கள். அவன் ரங்கலைப் பக்கம் காட்டுக்குள் அளவை வேலையில் இருந்தான். அங்கே சிக்னல் மருந்துக்கும் கிடையாது. போட்ட ஒவ்வொரு முறையும் ஒரு பெண்குரல் சிங்களத்தில் அன்பாக மன்னிப்புக் கேட்டது. கந்தோருக்கு எடுத்தால், பிரணவனின் அலுமாரியும் பூட்டியிருக்கிறது என்றார்கள்.

நானா ஜும்ஆத் தொழுகைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தார். தொப்பியைச் சரிசெய்துகொண்டே நிலைமையைக் கேட்டார். "அந்தப் பிரணவன் கோல் எடுக்கும் வரைக்கும் டிஸ்க்குல கை வைக்க வாணாம்" என்று சொல்லிவிட்டு, கடைக் கதவைப் பாதி இறக்கிவிட்டுப் படியிறங்கினார். டிலானி சரி என்று தலையாட்டினாள். தலைதான் ஆடியது. மனசு ஏற்கெனவே வேறு வழிக்குப் போய்விட்டது.

மதியமாயிற்று. வெளியே வானம் இருட்டிக்கொண்டு வந்தது. அக்காவுக்கு எடுத்தாள். எடுக்கவில்லை. வீட்டைக் கழுவுகிறவள் கையில் போன் எப்படி இருக்கும்?

அவள் துஷாந்தியிடம் தன் கணக்கைச் சொன்னாள். சாவி இல்லாத டிஸ்க் இருந்தும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான். இன்றைக்கு அது திறக்காது. ஆனால் அதைத் துடைத்து வெறுமையாக்கினால் லெப்டொப் விழாமல் நிற்கும், இடமும் கிடைக்கும். கமராக் கார்டில் உள்ள பிந்திய படங்களை வைத்து மலையை அவசரமாக ஒருமுறை உருவாக்கிவிடலாம். கடையிலுள்ள வெளி டிஸ்க்குகள் எல்லாம் பழைய, மெதுவாகச் சுற்றுகிற வகை, அவற்றில் வைத்துச் செய்தால் பொழுது சாய்ந்துவிடும்.

"அப்ப முந்தின படம்?"

"போயிடும் மிஸ்."

"அது இல்லாட்டி மலை நகர்ந்தது எண்டு நிறுவ ஏலாது. வெடிப்பை மட்டும் காட்டலாம். வெடிப்பு பழசு எண்டு துரையாக்கள் சொல்லுவினம்."

"ஒண்ணுமே இல்லாம போனா அதையும் காட்ட ஏலாதே மிஸ்."

துஷாந்தி கதிரையிலிருந்து எழுந்து யன்னலோரம் போனாள், திரும்பி வந்தாள். அடுத்த கிழமை பிரணவன் வந்தால் சாவி கிடைக்கும்தானே என்றாள். அடுத்த கிழமை சனம் மேலே இருக்கும் என்றாள் டிலானி. பிறகு, சொல்லவேண்டாம் என்றுதான் நினைத்திருந்தாள், வாய் அடங்கவில்லை.

"எங்க அக்கா இப்பவே மேலதான் இருக்கா மிஸ். புள்ளையோட."

துஷாந்தி மறுபடி உட்கார்ந்தாள். செய்யுங்கோ என்று கையால் மட்டும் காட்டினாள்.

டிலானி மவுஸைப் பிடித்தாள். ஃபோர்மட் பொத்தானை அழுத்தினாள். இதிலுள்ள எல்லாம் அழிந்துவிடும், உறுதிதானா என்று கடைசி முறையாக ஒரு பெட்டி வந்து கேட்டது. இப்படிப்பட்ட பெட்டிகளுக்கு அவள் தினம் பத்துத் தடவை யோசிக்காமல் ஆம் சொல்லுகிறவள். இன்றைக்கு அதை இரண்டு முறை வாசித்தாள். பயத்தில் செய்கிற காரியம் இது என்று அவளுக்கே தெரிந்திருந்தது. தெரிந்தும் கை பின்வாங்கவில்லை.

பின்னால் துஷாந்தி தனக்குத்தானே முணுமுணுத்தாள். "பிரணவன் இதைப் பூட்டேக்க ஒரு ஆணி விழுந்து துலைஞ்சது. அப்பவே என்ர மனம் சரியில்லை."

டிலானியின் விரல் அந்தரத்தில் நின்றது.

"என்ன மிஸ் விழுந்துச்சு?"

"ஆணி. சின்னத் திருகாணி. மேசைக்குக் கீழ எல்லாம் தேடிப்பார்த்தனாங்கள், கிடைக்கேல்ல."

"பூட்டுறதுக்கு ஆணி எதுக்கு மிஸ்?"

"ஆணி இல்லாமல் எப்பிடித் தங்கச்சி பூட்டுறது?"

டிலானி மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டாள், சுடுசட்டியிலிருந்து எடுப்பது போல.

"மிஸ், அவரு இந்த டிஸ்க்க உள்ள மாட்டுனாரா?"

"ஓம். பழைய டிஸ்க்கில இடம் காணாதெண்டு புதுசு வாங்கி மாட்டினது. அதைத்தானே பூட்டினது எண்டு அப்ப பிடிச்சுச் சொல்லுறன்."

"அப்ப சாவி?"

"கழட்டுற சாவிதானே? ஸ்பானர், ஸ்க்ரூட்ரைவர். அதுகள் இல்லாத கடையோ எண்டு நானும் யோசிச்சனான். இந்த டிஸ்க்குக்கு ஏதோ தனிச் சாவி வேணுமாக்கும் எண்டு விட்டிட்டன்."

யாழ்ப்பாணத்தில் கதவையும் பூட்டுவார்கள், மின்விசிறியையும் பூட்டுவார்கள். ஒன்றைக் கொண்டுபோய்ப் பொருத்தினால் அதுவும் பூட்டுவதுதான். நட்டைத் திருகுகிற சாமானுக்கு அங்கே சாவி என்று பெயர். கதவைத் திறக்கிறதற்குப் பெயர் திறப்பு. தோட்டத்தில் பிறந்தவளுக்குப் பூட்டு என்றால் பூட்டு, சாவி என்றால் சாவி. இது ஒன்றும் டிலானிக்குத் தெரியாத சங்கதியும் அல்ல. அவள் தினமும் ஏறி வருகிற படிக்கட்டில் தொங்குகிற கடைப் பலகையிலேயே 'கமரா பூட்டித் தரப்படும்' என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது. அப்பாவிப் பலகை, அது பாட்டுக்குச் சொல்லிக்கொண்டுதான் இருந்தது. இங்கிலீசில் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் காலையிலேயே முடிந்திருக்கும் காரியம். தன் தலையில் தானே குட்டிக்கொள்ளலாம் போல வந்தது அவளுக்கு. குட்டிக்கொள்ள நேரமில்லை.

அந்தக் கடைசிப் பெட்டிக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டு லெப்டொப்பை அணைத்தாள். முத்திரை ஸ்டிக்கரைப் பற்றிக் கேட்டாள். திறந்து மூடிய பிறகு பிரணவனே புதிதாக ஒன்று ஒட்டியதாகத் துஷாந்தி சொன்னாள். பொய்ச்சாட்சி சொன்ன அந்த ஸ்டிக்கரைக் கத்தியால் கீறி, அடிமூடியைக் கழற்றினாள்.

விரல் நீளத் தகடு அந்த டிஸ்க். ஒரு முனை பள்ளத்துக்குள் செருகியிருந்தது. மறுமுனையை அழுத்திப் பிடித்திருக்க வேண்டிய ஆணியின் இடம் வெறுமையாக இருந்தது. ஆணியில்லாத முனை மெல்லத் தூக்கிக்கொண்டு நின்றது. லெப்டொப் சூடாக ஆக, அது இன்னும் கொஞ்சம் எழும்பும், செருகிய பக்கம் தொடர்பு விடும். மலையைத் திறக்கிற நேரம்தான் லெப்டொப் சூடாகிக்கொண்டே அந்த டிஸ்க்கையும் படிக்கிற நேரம். படம் காட்டுகிற புரோகிராமுக்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. பாவம், அடி வாங்கியது அது.

தொலைந்த ஆணியும் வெளியே எங்கும் போயிருக்கவில்லை. மூலையில் ஒலிபெருக்கியின் காந்தத்தில், ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது. டிலானி அதை இடுக்கியால் எடுத்தாள். டிஸ்க்கை வெளியே இழுத்துத் துடைத்து, மறுபடி செருகி, முனையை அமுக்கி, அதே ஆணியைத் திருகினாள். ஆணி ஒருமுறை நழுவி, மறுபடி பிடித்தது.

பொத்தானை அழுத்தியபோது மழை தொடங்கியிருந்தது. தகரக் கூரையில் அதன் சத்தம் பெரிதாகக் கேட்டது. திரை வெளிச்சமானது. இரண்டாவது டிஸ்க் தன் பெயரோடு வந்தது. உள்ளே இரண்டு மலைகளும் இருந்தன. துஷாந்தி உடனே திறக்கக் கை நீட்டினாள். டிலானி விடவில்லை. முந்திய மலையை முதலில் கடையின் வெளி டிஸ்க்கில் ஒரு பிரதி எடுத்துவிட்டுத்தான் மற்றதெல்லாம் என்றாள். பச்சைக் கோடு ஊர்ந்தது. பாதி வழியில் நின்றது. நின்றதோடு இருவரின் உயிரும் நின்றது. பிறகு ஏதோ நினைவு வந்தது போல மறுபடி ஊர்ந்து, முடிந்தது.

இப்போது திறந்தார்கள். மின்விசிறி கத்தியது. திரை ஒருமுறை மினுங்கியது. நீலமாகவில்லை. முந்திய மலைமேல் பிந்திய மலையைத் துஷாந்தி வைத்தாள். நகராத இடமெல்லாம் சாம்பல் நிறமாகவும் நகர்ந்த இடம் சிவப்பாகவும் வரும் என்றாள். கொஞ்ச நேரம் எல்லாம் சாம்பலாகவே இருந்தது. டிலானிக்குத் துரை சொன்னது உண்மையாக இருக்கட்டும் என்று ஒரு ஆசைகூட வந்தது. பிறகு வெடிப்புக்குக் கீழே சிவப்பு பரவத் தொடங்கியது. பரவிக்கொண்டே வந்து, லயத்துக் கூரைகளுக்குச் சற்று மேலே அகலமாக நின்றது.

துஷாந்தி ஓரிடத்தை அளந்து பார்த்தாள். "ஒரு முழத்துக்கு மேல இறங்கியிருக்கு" என்றாள். குரல் தாழ்ந்திருந்தது. "உங்கட அக்கான்ர வீடு எது?"

மேல் வரிசையில் கடைசிக் கூரை. காற்றுக்குத் தகரம் பறக்காமலிருக்க மேலே போட்டிருந்த பழைய லொறி டயர் படத்தில் தெளிவாகத் தெரிந்தது. டிலானி விரலை வைத்துக் காட்டினாள். விரலுக்கு மேலே எல்லாம் சிவப்பாக இருந்தது.

துஷாந்தி லெப்டொப்பைத் துவாயில் சுற்றினாள். நன்றி, கூலி என்று ஏதோ தொடங்கியவளை டிலானி போகச் சொல்லிக் கையைக் காட்டினாள். அவள் பாதி இறக்கிய கதவுக்குக் கீழே குனிந்து, மழையில் ஓடினாள். அன்றைய கூட்டத்தில் திங்கட்கிழமைப் பேச்சு அடியோடு நின்றுபோனது. அதெல்லாம் பிறகு. இப்போது அக்கா மேலே இருந்தாள், மழை பெய்தது.

முதல் தடவை எடுக்கவில்லை. இரண்டாவது தடவையும் எடுக்கவில்லை. மூன்றாவது தடவை, எடுத்ததும் தண்ணீர் ஊற்றுகிற சத்தம் கேட்டது.

"அக்கா, எறங்கு."

"என்னடி இது, இப்பதான் பாதி கழுவியிருக்கேன்."

"மல எறங்கிக்கிட்டு இருக்குக்கா. நான் என் கண்ணால பார்த்துட்டேன். புள்ளையத் தூக்கிக்கிட்டு எறங்கு."

தங்கை அழுது தர்ஷிகா அதிகம் கேட்டதில்லை. அந்தப் பக்கம் வாளியை வைக்கிற சத்தம் கேட்டது. பிள்ளை சிணுங்கியது.

"சரி சரி, வர்றேன். பூட்ட எங்கயோ வச்சிட்டேன். இரு, தேடிப் பூட்டிட்டு..."

"பூட்ட வேணாம்க்கா" என்றாள் டிலானி. "ஒண்ணும் பூட்ட வேணாம். அப்படியே எறங்கு."

அக்கா பிறகு எதுவும் கேட்கவில்லை. போனையும் வைக்கவில்லை. அவளுடைய செருப்பு ஈரப் படிகளில் இறங்கிப் போகிற சத்தத்தையும், பின்னால் திறந்து கிடந்த கதவு காற்றில் அடித்துக்கொள்கிற சத்தத்தையும், அந்தக் கதவுச் சத்தம் தேய்ந்து தேய்ந்து கேட்காமல் போகும்வரை டிலானி காதை எடுக்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.